பில்லை எண் 1318

ஜனவரி 21, ஞாயிறு

இன்றும் கோழிக்கால் எப்சிபாவுக்குத்தான்.

ஒரு கோழிக்கு இரண்டு கால். வீட்டில் அம்மாவும் நானும் இரண்டு பேர். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் அம்மா இரண்டு காலையும் எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து மூடிவிடுகிறாள். எனக்குக் கழுத்து எலும்பு. "ஒனக்குத்தான் கால் புடிக்காதே" என்றாள். நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்டேன். "சின்னதுல" என்றாள்.

எப்சிபா என்னோடு ஏழாவது வரை படித்தவள். பகலில் பால்வாடியில் ஆயா வேலை. நாலு வருடமாக ஞாயிறு நாலு மணிக்கு, செத்தவர்களோடு பேசுகிற எங்கள் ஊர் மன்றத்தில் வாய் கொடுக்கிறவள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவாள். சுரங்கத்தில் செத்தவர்கள் அவள் வாய் வழியாகப் பேசுவதாக இந்த ஊரில் நாற்பது ஐம்பது பேர் நம்புகிறார்கள். என் அம்மா சரளா அதில் முதல் வரிசை.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. சுரங்கத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் எண் குத்திய பித்தளைப் பில்லை ஒன்று உண்டு. கீழே இறங்கும்போது அதை டைம் ஆபீஸ் பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். மேலே வந்ததும் கழற்றிக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்தும் பலகையில் தொங்கும் பில்லைக்குரிய ஆள் வரவில்லை என்று அர்த்தம். அந்தப் பில்லை கவரில் வீட்டுக்கு வரும். வீட்டுக்காரர்கள் அதை மன்றத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் எத்திராஜ் பெரியப்பா எண்ணைக் கூப்பிட, சொந்தக்காரர்கள் பில்லையை எடுத்து எப்சிபாவின் உள்ளங்கையில் வைப்பார்கள். அவள் பேசுவாள்.

என் அப்பா கஜபதி இருபத்தைந்து வருடம் முன்பு பெண்டன் ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியில் பாறை வெடித்துச் செத்தார். எனக்கு அப்போது ஒரு வயது. "ஆயிரத்து முந்நூத்திப் பதினெட்டு" என்று கூப்பிட்டால் அம்மா எழுந்து போவாள்.

நான் நம்புவதில்லை. செத்தவனால் பேச முடிந்தால் முதலில் நஷ்ட ஈடு என்ன ஆயிற்று என்றுதான் கேட்பான்.


ஜனவரி 23, செவ்வாய்

தண்ணீர் விடுகிற நாள். பதினாறு குடம். பெங்களூர் ரயில் கூவிக்கொண்டு போனது. மூன்று மாதம் முன்புவரை அதில் நானும் தொங்கிக்கொண்டு போனேன். வேலையை விட்டு நிறுத்தினார்கள். மேனேஜரின் மச்சினி, வேலையே தெரியாதவள், இப்போது என் நாற்காலியில்.

எத்திராஜ் பெரியப்பா வந்தார். "சும்மாதானம்மா இருக்கற. மன்றத்துக்கு நூத்தஞ்சு வருஷம் ஆவுது. பிப்ரவரி இருபத்தஞ்சு ஆண்டு விழா. ஒரு சரித்திரம் எழுதிக் குடு, அன்னிக்கு நீயே படி. பழைய புக்கெல்லாம் டிரங்குப் பெட்டில கீது."

'சும்மாதான் இருக்கற' என்றதற்கு அம்மா மறுப்புச் சொல்லவில்லை. சம்மதித்தேன்.


ஜனவரி 28, ஞாயிறு

சரித்திரம் எழுதுகிறவள் நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அம்மா பில்லையைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, எப்சிபாவின் கையில் வைத்தாள். அத்தோடு விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடி, மேலே தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். மற்ற யாரும் அப்படிச் செய்யவில்லை. பிறகு அரை மணி நேரம் எப்சிபா பேசினாள். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்தாயா, மேற்குச் சுவர் ஓதமடிக்கிறதே, கௌதமிக்கு வேலை கிடைத்துவிடும், கவலைப்படாதே.

அம்மாவுக்கு முட்டி வலி என்று எனக்குத் தெரியாது.

வெளியே வரும்போது எப்சிபா சிரித்தாள். "இன்னா கௌதமி, சரித்திரம் எழுதுறியாமே. என் பேரு வருமா அதுல?"

"வாய்னு வரும்."

"சரி விடு, வாயாடின்னு போடாம இருந்தா போதும்" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். அவள் தலையில் இருந்தது எங்கள் வீட்டு எண்ணெய். வாசனை தெரிந்தது.


ஜனவரி 31, புதன்

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கரையான் பாதி தின்றுவிட்டது. மீதியில் கிடைத்தது:

மன்றத்தை 1919இல் கட்டியவர் சுரங்க கேப்டனின் மனைவி மிசஸ் பெல்லமி என்று வாசலில் கல்வெட்டு சொல்கிறது. முதல் உலகச் சண்டையில் செத்த மகனோடு பேசுவதற்காக. கல்வெட்டில் பதினாலு வெள்ளைக்காரப் பெயர். சுரங்கத்திலிருந்து மேலே வந்த கருங்கல்லை உடைத்துச் சுமந்து அடுக்கியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு உள்ளே வர அனுமதியும் இல்லை. அவர்கள் வீட்டுப் பிணமும் அந்தச் சுரங்கத்தில்தான் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். ஜன்னல் கட்டைக் கல் உள்பக்கம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. வெளிப்பக்கம் முழங்கை ஊன்றி ஊன்றி வழவழவென்று குழிந்துவிட்டது.

இந்தக் குழியைவிட வேறு சரித்திரம் என்ன எழுத?


பிப்ரவரி 2, வெள்ளி

ரேஷன் அரிசி வாங்கினேன். புழு.

அம்மா காய்ச்சலாகக் கிடந்த எப்சிபாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். எனக்கும் தலைவலி என்றேன். "மாத்திரை அலமாரில கீது" என்றாள்.


பிப்ரவரி 6, செவ்வாய்

கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒருத்தி அடிக்கடி வருகிறாள். 'பங்கா இழுப்பவள்.' சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக வரும் விசிறிக் கயிற்றை வெளியே உட்கார்ந்து இழுப்பது அவள் வேலை. உள்ளே வெள்ளைக்காரர்களுக்குக் காற்று வர வேண்டும். 1921இல் ஒருநாள் கயிறு நின்றது. திட்டுவதற்கு வெளியே போனவர்கள், அவள் கண் செருகி ஒரு பையன் குரலில் அழுவதைக் கேட்டார்கள். மிசஸ் பெல்லமி மண்டியிட்டு அவள் காலைப் பிடித்தாராம்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். தரையில் உட்காரவைத்தார்கள். பேசி முடித்ததும் திரும்ப வெளியே போய்க் கயிறு இழுத்தாள். குறிப்பில் அவள் பெயரே இல்லை. சம்பளப் புத்தகத்தில் தேடிப் பிடித்தேன்: கன்னியம்மா. புருஷனும் தம்பியும் அதே சுரங்கத்தில் செத்தவர்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் அவளிடம் கேட்டதாகப் பதினோரு வருடக் குறிப்பில் ஒரு வரியும் இல்லை.

எத்திராஜ் பெரியப்பாவிடம் காட்டினேன். "இதெல்லாம் வேணாம்மா. வெள்ளக்காரங்க நமக்கு மன்றம் கட்டிக் குடுத்தாங்கன்னு எழுது."

"கட்டினது யாரு பெரியப்பா?"

"நம்ம ஆளுங்கதான்."

"குடுத்தது?"

துண்டை உதறித் தோளில் போட்டார். "அவங்க ஊருக்குப் போனாங்க. நாம பூட்ட ஒடச்சோம்."

"அதையே எழுதட்டுமா?"

"எழுது. ஒடச்சது எங்கப்பாரு. பேரு போடு." பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "நான் டைம் ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன். ஒரு பில்லை மாறினது கெடயாது. அதையும் ஒரு வரி சேத்துக்க."


பிப்ரவரி 10, சனி

புளிக்குழம்பு நான் வைத்தேன். மீந்ததை அப்பாவின் சாப்பாட்டு டப்பாவில் ஊற்றி வைத்தேன். அலுமினிய டப்பா. எத்தனை முறை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் புளி வாசனை மூடியை விட்டுப் போகாது. மூடியில் ஆணியால் கீறிய 745, டப்பாவுக்கென்று ஒரு எண் போல. ஷிப்டில் டப்பா மாறாமல் இருக்க அப்படிக் கீறுவார்களாம். தேய்ந்துவிட்டது.

குழம்பு நன்றாக இருந்ததாக அம்மா சொல்லவில்லை. இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.


பிப்ரவரி 13, செவ்வாய்

பால்வாடிக்குப் போய் எப்சிபாவைப் பேட்டி எடுத்தேன். சரித்திரத்துக்காக. அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

எப்படி இதில் வந்தாய் என்று கேட்டேன். அவள் அப்பா சாலமோனும் என் அப்பா செத்த அன்றே, அதே வெடிப்பில் செத்தவர். அது எனக்குத் தெரியும். தெரியாததைச் சொன்னாள்.

"எங்கப்பா பில்லைய அம்மா நூல்ல கோத்து என் கழுத்துல கட்டி வுட்டுது. நான் எங்கியோ வெளயாடி தொலச்சிட்டேன். அஞ்சு வயசு. அம்மா அடிச்ச அடில இந்தக் கை சரியா மடங்காது, பாரு." நீட்டினாள். சுண்டு விரல் கோணியிருந்தது. "சாவற வரைக்கும் அம்மா அதச் சொல்லிக்கினேதான் செத்துது. எல்லாரும் பில்லை கொண்டாந்து மாட்டுவாங்க. எங்களுக்கு மாட்ட ஒண்ணும் இல்ல. சரி, சும்மா நிக்கிறதுக்கு ஒக்காருவோம்னு நாற்காலில ஒக்காந்துட்டேன்."

"நெஜமாவே பேசுறாங்களா?"

முட்டை ஓட்டைக் கூடையில் போட்டாள். "ஒனக்கு அப்பா நம்பராவது கீது. அதுவும் இல்லாதவகிட்ட வந்து நெஜமான்னு கேக்கற."

என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமை. எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. வீடு வரும்வரை இருந்தது.


பிப்ரவரி 16, வெள்ளி

பெட்டியின் அடியில் டைம் ஆபீஸ் வருகைப் பதிவு, மஸ்டர் புத்தகம் இருந்தது. அப்பா செத்த வருடத்துடையது. பெண்டன் ஷாப்ட், இரண்டாம் ஷிப்ட். பச்சை மையில் எத்திராஜ் பெரியப்பாவின் முத்து முத்தான கையெழுத்து.

745, கஜபதி.
1318, சாலமோன்.

இரண்டுக்கும் நேரே சிவப்பு மையில் ஒரு கோடு.

எழுந்து போய் அடுப்படியில் டப்பா மூடியைப் பார்த்தேன். திரும்ப வந்து புத்தகத்தைப் பார்த்தேன். மறுபடி போனேன்.

ஆக, பலகையில் மிஞ்சிய இரண்டு பில்லையும் கவர் மாறி வந்திருக்கின்றன. ஒரு நாளில் இரண்டே இரண்டு பேர் செத்திருக்கிறார்கள், அதைக்கூட அவர்களால் சரியாகக் கொடுக்க முடியவில்லை. எப்சிபா தொலைத்தது என் அப்பாவுடையது. எங்கள் ஆணியில் தொங்குவது அவள் அப்பாவுடையது.

அப்படியானால் நாலு வருடமாக அவள் தன் அப்பாவின் பில்லையைக் கையில் வைத்துக்கொண்டு என் அப்பாவாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். மாட்டிக்கொண்டாள். சொந்த அப்பனையே தெரியாதவள் ஊரார் அப்பனையெல்லாம் எங்கே கூப்பிடப்போகிறாள்? இருபத்தைந்தாம் தேதி எல்லோர் முன்னாலும் படிக்கிறேன். அம்மா கேட்கட்டும். அதற்குப் பிறகு முட்டி வலியை யாரிடம் சொல்கிறாள் பார்க்கிறேன்.


பிப்ரவரி 17, சனி

ஐந்து பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. கை வலிக்கவே இல்லை.


பிப்ரவரி 19, திங்கள்

பொறுக்க முடியவில்லை. விழாவரைக்கும் காத்திருக்க நான் என்ன அரசியல்வாதியா? அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே மஸ்டர் புத்தகத்தை வைத்தேன். பக்கத்தில் டப்பா மூடியை வைத்தேன். விளக்கமாகச் சொன்னேன்.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒங்கப்பன் நம்பர் எனக்குத் தெரியாதா? அந்த மூடில ஆணி வெச்சு கீறினதே நான்தான்."

"ஒனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"அவர் எழுதிக் காட்டினாரு, பாத்துக் கீறினேன். இதுல மூணு எழுத்து. கவர்ல வந்ததுல நாலு எழுத்து. இது தெரியறதுக்கு படிப்பு வேணுமா?"

"அப்ப மொத நாளே தெரியும்."

"தெரியும்."

மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேன். வாக்குமூலம் மாதிரி மெதுவாகச் சொன்னாள். இரண்டு தடவை கிளம்பினாளாம். அதற்குள் எப்சிபாவின் அம்மா கிரேஸ் அதைக் கோத்துக் குழந்தை கழுத்தில் கட்டிவிட்டாள். பிறகு கேட்கலாம், பிறகு கேட்கலாம் என்று நாள் போயிற்று. குழந்தை தொலைத்துவிட்டது.

"அப்புறம் போயி சொன்னா எங்கிட்ட கீறதயும் குடுக்கணும். குடுத்துட்டா எனக்கு இன்னாடி கீது? கிரேசுக்கு அழுது பொலம்ப அண்ணன் தம்பி நாலு பேரு. எனக்கு யாரு? எதையாவது புடிச்சிக்கினு அழணும்ல. அது யாருதா இருந்தா இன்னா." ஒரு காம்பை எடுத்துப் போட்டாள். "அந்தப் புள்ள வாங்கின அடி ஏழு லைன் வீட்டுக்கும் கேட்டுது. ஒங்கப்பன் பில்லைய தொலச்சதுக்குத்தான் அவ அடி வாங்கினா. அவ அப்பன் பில்லை என் பெட்டில பத்திரமா கெடந்துது. நான் கதவ சாத்திக்கினு ஒக்காந்திருந்தேன்."

"அதுக்குத்தான் கோழிக்காலா?"

"கால் மட்டுமா. வாரத்துக்கு அரை மணி நேரம் அவ அப்பன் பில்லை அவ கையில இருக்கட்டும்னுதான் மன்றத்துக்கும் போறேன்."

"அப்ப அப்பா பேசுறது?"

"அவ பேசுவா. நான் கேப்பேன்." முதல் முறையாக என்னைப் பார்த்தாள். "ஒங்கப்பன் அவ்ளோ நல்லாப் பேசமாட்டாரு."

கீரையைக் கழுவ எழுந்தாள். எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதடி. சொன்னா அவ நம்ம வூட்டுப் பக்கம் வரமாட்டா."

இருபத்தைந்து வருடம் ஒருத்திக்குச் செய்த தப்பை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என்னிடம் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனால் என்னை நினைக்க வேண்டிய தேவையும் வரவில்லை. நானும் ஏழு லைன் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அடி வாங்கியிருக்க வேண்டும்.


பிப்ரவரி 21, புதன்

எப்சிபா வந்தாள், அம்மாவுக்கு முட்டியில் எண்ணெய் தேய்த்துவிட. நான் உள்ளே இருந்தேன். கோணல் சுண்டு விரலோடு நன்றாகத்தான் தேய்க்கிறாள்.


பிப்ரவரி 24, சனி

அந்த ஐந்து பக்கத்தையும் கிழித்துவிட்டேன். படிக்கப்போவதில்லை.


பிப்ரவரி 25, ஞாயிறு

படித்தேன்.

எப்படி நடந்தது என்று ஒழுங்காக எழுதுகிறேன். நாலு மணிக்குக் கூட்டம். ஜன்னல் வரைக்கும் ஆட்கள். எத்திராஜ் பெரியப்பா வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. முதலில் எப்சிபாவின் அமர்வு, நடுவில் சரித்திரம், கடைசியில் பொங்கல். 1318 கூப்பிட்டார். அம்மா பில்லையை வைத்து விரலை மடக்கினாள். எப்சிபா கண்ணை மூடுவதற்குள், "சரித்திரம் இப்பவே ஆவட்டும், வெளியூர்க்காரங்க ரயிலுக்குப் போவணும்" என்றார் பெரியப்பா. பில்லை அவள் கையிலேயே இருந்தது.

மிசஸ் பெல்லமியைப் படித்தேன். ஜன்னல் கல்லைப் படித்தேன். கன்னியம்மா பெயரைப் படித்தபோது பின்னால் ஒரு கிழவர் "எங்க பாட்டனோட அக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பூட்டு உடைத்ததைப் படித்தபோது கை தட்டினார்கள்.

பிறகு பட்டியல். கல்வெட்டில் இல்லாத பெயர்களை நான் படிப்பேன் என்று பெரியப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். பெண்டன் ஷாப்டில் செத்த முப்பத்தேழு பேர், எண்ணோடு. கடைசி இரண்டு பேரை விட்டுவிடுவதாகத்தான் எழுதி வைத்திருந்தேன். முப்பத்தைந்தோடு தாள் முடிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பார்க்கவில்லை. அவள் எப்சிபாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரை விட்டால் நானும் அந்தக் கல்வெட்டுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதாகத்தான் நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வேன்.

"எழுநூற்று நாற்பத்தைந்து, கஜபதி. ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு, சாலமோன்."

அந்த இரண்டு வரியில் மட்டும் என் குரல் உயர்ந்தது. எனக்கே கேட்டது. நியாயத்துக்காகப் படிக்கிறவளுக்குக் குரல் உயர வேண்டிய அவசியமில்லை.

எத்திராஜ் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கூட்டம் முடியும்வரை துடைத்தார்.

எப்சிபா விரலைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி நேராக அம்மாவிடம் போனாள். அறையப்போகிறாள் என்று நினைத்தேன். அறைந்தால் நடுவில் போய் விழத் தயாராக இருந்தேன். அதற்கு ஆசைப்பட்டேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

அவள் அறையவில்லை. அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "தெரியுமா ஆன்ட்டி?" என்றாள். அம்மா தலையாட்டினாள். எப்சிபா பில்லையை விரலுக்குள் மூடினாள். "நான் தொலைக்கல" என்றாள். "நான் எங்கப்பாவத் தொலைக்கல." மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அம்மாவின் கை அவள் தலை மேல் போனது.

பிரிக்க நினைத்தேன். சேர்த்து வைத்துவிட்டேன்.

நான்தான் முதலில் வீட்டுக்கு வந்தேன். பொங்கல் சாப்பிடவில்லை.


பிப்ரவரி 28, புதன்

அம்மா இந்த மூன்று நாளில் ஆறு வார்த்தை பேசினாள். எண்ணிப் பார்த்தேன். எத்திராஜ் பெரியப்பா காலையில் வந்து வாசலிலேயே நின்றார். அம்மா உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. "ஒரு வரி எழுதச் சொன்னேனே, அத அடிச்சிடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதவே இல்லை என்று நான் சொல்லவில்லை.


மார்ச் 3, ஞாயிறு

பில்லை எப்சிபாவிடம் போய்விட்டது. எங்கள் ஆணி காலி. மூன்றரை மணிக்கு அம்மா புடவை மாற்றிக்கொண்டாள். கையில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், கதவருகே போய், திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி போனாள். எனக்கு எரிச்சலாக வந்தது. டப்பா மூடியைத் துண்டில் சுற்றி அவள் கையில் திணித்தேன்.

"இது எதுக்குடி?"

"745னு கீது இல்ல. எடுத்துக்கினு போ."

நானும் போனேன். மூடியைத் திரும்பப் பத்திரமாகக் கொண்டுவர ஆள் வேண்டுமே.

பெரியப்பா கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டார். "எழுநூத்தி நாப்பத்தஞ்சு" என்றார். இந்த மன்றத்தில் அந்த எண்ணைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அம்மா எழுந்திருக்க நேரமானது. எப்சிபாவின் மடியில் மூடியை வைத்தாள். அவள் கழுத்தில் புது நூலில் பில்லை தொங்கியது. கண்ணை மூடினாள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. நான் சுவரோரம் நின்றிருந்தேன். அப்பா என்னதான் சொல்வார் என்று ஒரு நிமிடம், ஒரே நிமிடம், காத்திருந்தேன்.

எப்சிபா கண்ணைத் திறந்தாள். மூடியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஒண்ணும் வரல ஆன்ட்டி. புளிக்கொழம்பு வாசனைதான் வருது."

அம்மா சிரித்தாள். தோள் குலுங்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எப்சிபாவும் சிரித்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அந்தக் குழம்பை வைத்தது நான்.